பார்ப்பவனுக்காக ஒரு படம்

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் நோக்கிச் செல்லும் சாலையில் பயணம் செய்யும்போது இருவகைப் படங்கள் நம் கண்ணில் படுகின்றன. சாலையோரத்து உயர்ந்த பலகைகளில் புன்னகை பூக்கும் குடும்பங்கள். அவர்களுக்குப் பின்னே பசும்புல் வெளி, புதிய வீடு, பளபளக்கும் மகிழுந்து. தொழிற்சாலையின் வாயிலைத் தாண்டினால் வேறொரு படம்: மஞ்சள் முக்கோணத்துக்குள், பற்சக்கரத்தில் சிக்கிய கை. முன்னது நம்மை அழைக்கிறது. பின்னது நம்மைக் காக்கிறது. இவ்விரண்டில் உயர்ந்த கலை எது என்று நாம் ஒருபோதும் கேட்டதில்லை. இன்று கேட்டுப் பார்ப்போம்.

மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கும், நீலவட்டம் கட்டளையிடும், சிவப்பு வட்டமும் குறுக்குக்கோடும் தடுக்கும், பச்சைச் சதுரம் தப்பும் வழியைக் காட்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து நம்மவரோடு தோள்சேர்ந்து உழைக்கும் இளைஞருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆயினும் அந்தக் கை தெரியும். அதை வரைந்தவர் யாரென எவரும் அறியார். அவர் தம் பெயரை அதில் எழுதவில்லை. முகமறியா ஒருவனுடைய விரல்கள் மட்டுமே அவர் நினைவில் இருந்தன.

இது திருச்சபைக்குப் புதிய பாடமன்று. மார்செய் நகர ஆயர் செரேனுஸ் தம் ஆலயப் படங்களை உடைத்தபோது, திருத்தந்தை பெரிய கிரகோரியார் ஏறத்தாழ 600ஆம் ஆண்டில் அவருக்கு மடல் எழுதினார். படங்களை வழிபடுவது தவறு. ஆனால் அவற்றை உடைப்பதும் தவறு. எழுத்தறியாதவர் படித்தறிய உதவுவன அவை என்பது அவர் கருத்து. நம் நாடும் 1951–52இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் சின்னங்களின் துணையோடுதான் எழுத்தறியா மக்கள் கையில் வாக்குரிமையை ஒப்படைத்தது. படம் அங்கே பார்ப்பவனுக்கு ஊழியம் செய்தது.

ஆனால் படமே பார்ப்பவனை ஊழியனாக்கும் காலமும் வந்துவிட்டது. திருப்பெரும்புதூரில் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை திறக்கப்பட்ட அதே 2006ஆம் ஆண்டில், ஏசா ராஸ்கின் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் முடிவில்லாமல் உருண்டுகொண்டே இருக்கும் திரைப்பக்கத்தை உருவாக்கினார். பக்கம் முடிந்தால்தானே நிறுத்தத் தோன்றும்? அந்த முடிவையே அவர் எடுத்துவிட்டார். பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். அந்தத் தொழிற்சாலை 2014இல் மூடப்பட்டது. உருளும் திரையோ நம் இல்லங்களில் இன்னும் நின்றபாடில்லை.

அவ்வாறாயின் அழகு குற்றமா? அன்று. ஆண்டவரும் விதைப்பவரையும் காணாமற்போன ஆட்டையும் சொற்களால் நம் கண்முன் வரைந்து காட்டினாரே! கவர்வது பிழையன்று, கவர்ந்தபின் என்ன செய்கிறது என்பதே கேள்வி.

இக்கேள்வியின் கூர்மையை 2021 டிசம்பரில் இம்மண் உணர்ந்தது. சுங்குவார்சத்திரம் அருகேயுள்ள கைப்பேசித் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டனர் என்ற செய்தி கைப்பேசிகளில் பரவியது. 17ஆம் நாள் இரவு பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். உண்மையில் எவரும் இறக்கவில்லை. உலகின் மிகத் தெளிவான திரைகளைப் பொருத்தித் தரும் கைகளுக்குரிய அப்பெண்களுக்கு, உடன் உழைத்த தோழி உயிரோடிருக்கிறாளா என்பதைத் தெளிவாகக் காட்டித் தர ஆளில்லை!

வதந்தியைப் பரப்பியது குற்றமே, மறுக்கவில்லை. ஆயினும் நாம் அங்கேயே நின்றுவிடலாகாது. அந்த விடுதிகளும் உணவுக்கூடங்களும் சில தன் வரையறைகளுக்கு ஒத்திருக்கவில்லை என்று ஆப்பிள் நிறுவனமே அம்மாத இறுதியில் தெரிவித்தது. விளம்பரத்தில் ஒளிர்ந்த கண்ணாடிக்குப் பின்னே ஒளிபடாத அறைகள் இருந்தன. நேர்மையான சொல் வராத இடத்தில் பொய் வந்து குடியேறுகிறது. அக்குடியேற்றத்துக்கு, பொய்யைச் சொன்னவரோடு மெய்யைச் சொல்லாதவரும் பொறுப்பாளி ஆவார்.

நம் இல்லப் பிள்ளைகள் பலர் இன்று கணினி வரைகலை பயில்கின்றனர். பங்குத் திருவிழாவின் சுவரொட்டிகூட நொடியில் உருவாகிக் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவுகிறது. இல்லாத முகத்தையும் நடவாத நிகழ்ச்சியையும் இயந்திரமே வரைந்து தரும் காலம் இது. திறமையைக் கற்பிக்கப் பள்ளிகள் உண்டு. 'இதைப் பார்ப்பவன் எழுந்து செல்லும்போது முன்னிலும் உரிமையுடையவனாகச் செல்வானா? இது மறைப்பது யாருடைய துயரத்தை?' என்று கேட்கக் கற்பிப்பது நம் கடமையன்றோ? படத்தை வரைபவர் மட்டுமல்லர், விரலால் அடுத்தவருக்கு அனுப்பும் நாமும் இக்கேள்விக்கு விடைசொல்ல வேண்டியவர்களே.

அடுத்தமுறை அச்சாலையில் செல்லும்போது உயர்ந்த பலகைகளை மட்டும் பாராதிருப்போம். வாயிலுக்குள் எங்கோ ஒரு சிறிய மஞ்சள் முக்கோணம், இன்றும் எவனோ ஒருவனுடைய கையை வீட்டுக்கு முழுமையாக அனுப்பி வைத்துக்கொண்டிருக்கிறது.