வயிறு விட்டது யாருக்குப் போகிறது

எங்கள் ஆவூரில் பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் கோயில் எழுப்பிய பூஷே சாமியார் பிரெஞ்சுக்காரர், சேசு சபையைச் சேர்ந்தவர். அவரும் அவரோடு இருந்த மதுரை மிஷன் குருக்களும் இறைச்சி தொடவில்லை, மீன் தொடவில்லை, முட்டையும் மதுவும் தொடவில்லை. சோறு, கீரை, காய், பால், பழம். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி சந்நியாசியாக வாழ்ந்து காட்டிய வழி அது. தங்கள் நாட்டில் ரொட்டியும் இறைச்சியும் திராட்சை ரசமுமாக வளர்ந்தவர்கள் ஆயுள் முழுவதும் அப்படிச் சாப்பிட்டார்கள்.

திருச்சியில் நான் பார்க்கும் மருத்துவர் என் யூரிக் அமிலக் கணக்கைப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்த சீட்டும் ஏறக்குறைய அந்தச் சாப்பாடுதான். ஈரல், குடல், மூளை கூடாது. ஆட்டுக்கறி எப்போதாவது, கொஞ்சம். நெத்திலி, மத்தி, இறால் வேண்டாம். மது வேண்டவே வேண்டாம். பாலும் மோரும் தாராளமாக. பழம், முழுப்பழமாக, அளவோடு.

இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. ஒருவர் ஆன்மாக்களுக்காக விட்டார், நான் கால் கட்டைவிரலுக்காக விடுகிறேன். கடவுள் முன்னால் இரண்டும் ஒன்றா? பல வருஷம் உபதேசியாராக இருந்து, விபூதிப் புதன் வந்தால் ஒருவேளை மட்டும் உண்ணும் ஒருசந்தி, கறி ஒதுக்கும் சுத்தபோசனம் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். எனக்கே இந்தக் கேள்வி வந்தபோது சும்மா விட முடியவில்லை.

முதலில் ஒரு பழியைக் கழுவ வேண்டும். எனக்கு வந்திருக்கும் கீல்வாதத்தை ஊரில் வாய்க்கொழுப்பில் வந்த வியாதி என்பார்கள். நன்றாகத் தின்றான், குடித்தான், இப்போது அனுபவிக்கிறான் என்று முகத்துக்கு நேரே சொல்லாவிட்டாலும் பார்வையில் சொல்வார்கள். யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் பேசிய பேச்சு இது. உண்மை வேறு. உடம்பில் சேரும் யூரிக் அமிலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சாப்பாட்டிலிருந்து வருகிறது, மீதியை உடம்பே உண்டாக்குகிறது. பெரும்பாலோருக்குக் கோளாறு சிறுநீரகம் அதைப் போதுமான அளவு வெளியேற்றாததில் இருக்கிறது. அது பெரும்பாலும் பரம்பரை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் யூரிக் அமிலத்தைக் கரைத்துவிடும் ஒரு நொதி உண்டு. மனித இனமும் பெருங்குரங்குகளும் அதை இழந்து கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. யாரும் செய்த குற்றமல்ல, ஆனால் பிறக்கும்போதே இல்லாத ஒன்று. சென்மப்பாவத்தைப் பற்றிப் பிள்ளைகள் ‘நாங்க என்ன பண்ணினோம்?’ என்று கேட்பார்கள். அது செய்த வினை அல்ல, பெற்றுக்கொண்ட குறை என்று விளக்க அப்போது இப்படி ஓர் உதாரணம் என் கையில் இல்லை.

இந்த நோயால் வாட்டப்பட்டவர்களில் நான் மனதுக்கு நெருக்கமாக வைத்திருப்பவர் பெரிய கிரகோரியார். 590 முதல் 604 வரை பாப்பரசராக இருந்தவர். துறவி, கடும் உபவாசி. உபவாசத்தாலேயே வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர் என்பார்கள். பெருந்தீனிக்காரர் என்று அவரைச் சொல்ல யாருக்கும் நா எழாது. அவருக்கும் கீல்வாதம் வந்தது. கடைசி வருஷங்களில் படுக்கையை விட்டு எழ முடியாமல், திருநாள்களில் மட்டும் பூசைக்காகச் சில மணி நேரம் எழுந்ததைக் கடிதங்களில் எழுதியிருக்கிறார்.

அவர் யோபு நூலுக்கு ஒரு நீண்ட விளக்கவுரை எழுதினார். அதில் போசனப்பிரியத்தைப் பற்றிச் சொல்லும்போது, குற்றம் பண்டத்தில் இல்லை, ஆசையில் இருக்கிறது என்கிறார். ஏசா தன் தலைமகன் உரிமையை விற்றது கோழிக்கறிக்கு அல்ல, பயற்றங்கூழுக்கு. எலியா இறைச்சி உண்டும் தன் புண்ணியத்தை இழக்கவில்லை. ஆதாமைச் சாத்தான் வீழ்த்தியது இறைச்சியைக் காட்டி அல்ல, ஒரு பழத்தைக் காட்டி. கறி என்றால் பாவம், பழம் என்றால் புண்ணியம் என்று நாம் போட்டு வைத்திருக்கும் கோட்டை இதைவிடச் சுருக்கமாக யாரும் அழித்ததில்லை.

என் உடம்பும் அந்தக் கோட்டை மதிப்பதில்லை. சுத்தபோசன நாளில் கறி கூடாது, மீன் கூடும் என்பது திருச்சபை ஒழுங்கு. ஆகவே எங்கள் பக்கத்து வீடுகளில் தவக்கால வெள்ளிக்கிழமை என்றால் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு மணக்கும். எனக்கோ கறியைவிட நெத்திலி மோசம். ஒருசந்தியும் அப்படித்தான். நாள் முழுக்கப் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறும், சிறுநீரகம் அதை வெளியேற்றுவது மந்தப்படும். விரதம் இருந்து மறுநாள் கால் வீங்கியவர்கள் இருக்கிறார்கள். நோயாளியைத் திருச்சபை ஒருசந்தியிலிருந்து விடுவித்திருப்பது நல்ல ஏற்பாடு. 60 வயது தொடங்கினவனுக்கும் அந்தக் கடமை இல்லை. பயந்துகொண்டு பருப்பையும் கீரையையும் நிறுத்துகிறவர்களும் உண்டு, அது தேவையில்லை. 2004இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், இறைச்சியும் கடலுணவும் கீல்வாதத்தைக் கூட்டின, யூரிக் அமிலமாக மாறும் பியூரின் மிகுந்த காய்கறிகள் கூட்டவில்லை, பால் பொருள்கள் குறைத்தன. ஏசாவின் பயற்றங்கூழ் எனக்கு ஆகும்.

பழத்துக்கு வருகிறேன். ஆசை அங்கேதான் இருக்கிறது.

பழத்தில் பியூரின் மிகக் குறைவு. ஆனால் அதன் இனிப்பில் ஃப்ரக்டோஸ் உண்டு. ஈரல் அதை உடைக்கும்போது ஏ.டி.பி. என்னும் ஆற்றல் பொருள் வேகமாகச் செலவாகிறது, அதன் மிச்சம் யூரிக் அமிலமாக முடிகிறது. 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு, சுமார் 46,000 ஆண்களை 12 வருஷம் கவனித்தது. இனிப்புச் சேர்த்த குளிர்பானம் அதிகம் குடித்தவர்களுக்குக் கீல்வாதம் அதிகம் வந்தது. பழச்சாறும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. முழுப்பழத்தில் நாரும் சத்தும் இருக்கிறது, சவைத்துத் தின்பதால் வேகமும் குறைகிறது. அதனால் கொய்யா, பப்பாளி, நெல்லிக்காய் இவற்றில் எனக்குத் தடை இல்லை. செர்ரி நல்லது என்று 2012இல் ஓர் ஆய்வு வந்தது. அது விளைவது குளிர் தேசத்தில், எங்கள் வெயிலுக்கு வராது.

எங்கள் மாவட்டத்தில் விளைவது பலா. வடகாடு, கீரமங்கலம் பக்கத்துச் செம்மண் பலா. பாஸ்கா நாடகமும் தேரும் நடக்கும் அந்த வெயில் நாள்களில் வீட்டுக்கு ஒரு பழமாவது வந்துவிடும். கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொண்டு, காம்பிலிருந்து நீளவாக்கில் பிளந்து, நடுத்தண்டைச் சீவி எடுத்துவிட்டால், பிசின் கையில் ஒட்டாது. சடையை ஒதுக்கிச் சுளையை இழுத்தால் கொட்டையோடு வழுக்கிக்கொண்டு வரும். நன்றாகப் பழுத்த சுளை விரலுக்குக் கீழே குழைந்து போகாது, சற்றே விறைப்பாக நிற்கும். வாசனை வாசல் வரை போயிருக்கும். எனக்குச் சொல்லியிருப்பது மூன்று, நான்கு சுளை.

கறியை அடியோடு விட்டது கஷ்டமாக இல்லை. இல்லை என்று ஆனபிறகு மனசு கேட்பதை நிறுத்திவிடுகிறது. அனுமதிக்கப்பட்ட ஒன்றில் நான்காவது சுளைக்கும் ஐந்தாவது சுளைக்கும் நடுவே நிற்பது கஷ்டம். உணவை மருந்துபோல எடுத்துக்கொள்ளக் கற்றேன் என்று எழுதிய அகுஸ்தினார், உடனேயே சொல்கிறார்: உடல்நலத்துக்கு எது போதும் என்பது தெளிவில்லாத அந்த இடைவெளியில்தான் ஆசை ஒளிந்துகொள்கிறது என்று. எத்தனை துல்லியம். ‘நாரு இருக்கு, நல்லதுதானே’ என்று ஐந்தாவது சுளையை எடுக்கும்போது நான் பேசுவது மருத்துவம் அல்ல.

என் வயதுக்காரர்கள் இதற்கு ஒரு சுலப வழி வைத்திருக்கிறார்கள். பலாவை விஷம் என்று சொல்லிவிடுவது. அதை நான் செய்யமாட்டேன். தொடக்க நூலின் முதல் அதிகாரத்தில் மனிதனுக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட உணவு விதையுள்ள செடியும் பழமரமும். இறைச்சிக்கு அனுமதி வந்தது வெள்ளத்துக்குப் பிறகுதான். கொடுக்கப்பட்டதை விஷம் என்பது கொடுத்தவரைத் தூற்றுவது. நல்லது என்று தெரிந்தே விடுவதில்தான் விரதத்தின் மானம் இருக்கிறது.

மருந்தையும் அப்படித்தான் பார்க்கிறேன். குறிப்பேட்டில் ஆசா மன்னன் காலில் நோய் கண்டு, ஆண்டவரைத் தேடாமல் வைத்தியரையே தேடினான் என்று குறை சொல்லியிருக்கிறது. அதைக் காட்டித் தவக்காலத்தில் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தைக் காட்டுகிறேன். மண்ணிலிருந்து மருந்தைப் படைத்தவர் ஆண்டவர், அறிவுள்ளவன் அதை வெறுக்கமாட்டான் என்பது அதன் சாரம். கீல்வாத வலிக்குத் தரும் கொல்கிசின் நம் செங்காந்தளில் இருக்கிறது. விராலிமலை முருகனுக்கு உகந்த பூ, மாநில மலர். கிழங்கைக் கடித்தால் உயிர் போகும், அளந்து கொடுத்தால் வலி போகும்.

மருந்துக்காக விட்டது தவம் ஆகுமா? இதற்கும் கிரகோரியாரிடம்தான் விடை கிடைத்தது. மேய்ப்பர்களுக்கு அவர் எழுதிய நூலில், வயிற்றுக்குக் கொடுக்காமல் வைத்ததை ஏழைக்குக் கொடுக்காமல், பிறகு தன் வயிற்றுக்கே கொடுக்க வைத்திருப்பவன் கடவுளுக்காக அல்ல, தனக்காகவே உபவாசம் இருக்கிறான் என்கிறார். எதற்காக விட்டாய் என்று அவர் கேட்கவில்லை. விட்டது எங்கே போயிற்று என்று கேட்கிறார். வைத்தியர் சொல்லி விட்டவனுக்கும் வேண்டுதலுக்காக விட்டவனுக்கும் அந்தக் கேள்வி ஒன்றுதான். பூஷே சாமியாரின் தட்டுக்கும் என் தட்டுக்கும் வித்தியாசம் அங்கே தெரிகிறது. அவர் விட்டது இந்த ஊருக்குப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைக் கறிக்காசு இப்போது தனியாக ஒரு டப்பாவில் சேர்கிறது, மாதக் கடைசியில் கைவிடப்பட்டவர்கள் இருக்கும் ஒரு வீட்டுக்கு அரிசியாகப் போகிறது. பலா வந்தால், நாங்கள் தின்றது போக மீதியை என் மனைவி எதிர்வீட்டு ஆத்தாவுக்குக் கொடுத்து அனுப்புவாள். போன வருஷம் அந்த ஆத்தா கிண்ணத்தை வாங்கிக்கொண்டே, “ஏன் உபதேசியாரே, உங்களுக்கு ஆகாததுதான் எனக்கு வருதா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இந்த வருஷம் பழத்தைப் பிளந்ததும் மேல்பாதியில் நல்ல சுளைகளாக எடுத்து அவருக்கு முதலில் அனுப்பிவிட்டோம். எனக்கு நான்கு, அதற்குப் பிறகு.