அடுப்படியை விட்டுக்கொடுக்காதீர்கள்!

"பழைய வீடுன்னா எலி இருக்கத்தான் செய்யும்." "என்னென்னவோ பண்ணிப் பார்த்தாச்சு, போக மாட்டேங்குது." "பிள்ளையார் வாகனமாச்சே, என்ன செய்ய?" இந்த மூன்று பேச்சும் நம் வீடுகளில் எவ்வளவு காலமாகப் புழங்குகின்றன! இவற்றைச் சொல்லிச் சொல்லியே, பிள்ளைக்குப் பால் காய்ச்சும் இடத்தை இருபது கிராம் எடை தேறாத ஒரு பிராணியிடம் ஒப்படைத்துவிட்டோம். இரவு விளக்கை அணைத்தால் அந்த அறை அதனுடையது, விடிந்தால் நம்முடையது. இப்படி ஒரு பாகப்பிரிவினைக்கு யார் கையெழுத்துப் போட்டது? நீங்கள் போட்டீர்களா? இல்லையென்றால் எழுந்திருங்கள். இன்றைக்கே அந்தப் பத்திரத்தைக் கிழித்துப் போடுங்கள்!

பிள்ளையார் பெயரைச் சொல்லி ஒதுங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையார் அதன்மேல் ஏறி அமர்ந்திருக்கிறார், அடக்கி நடத்துகிறார். நாமோ அதைத் தலைமேல் ஏற்றி வைத்திருக்கிறோம். வேதாரண்யம் கோயிலில் அணையப் போன விளக்கின் திரியைத் தூண்டிவிட்ட எலி, மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது என்கிறது தலபுராணம். அந்தக் கதைக்குக் கைகூப்புவோம். ஆனால் அரிசிப் பானையில் புழுக்கை கிடப்பதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி எந்தச் சாமியும் கேட்கவில்லை.

நம்மைக் கட்டிப்போட்டிருப்பது பக்தியும் இல்லை, பழைய சுவரும் இல்லை. அவமானம்! எலி வந்த வீட்டில் முதலில் குனிவது அந்த வீட்டுப் பெண்ணின் தலை. 'என்ன லட்சணத்துல வீடு வச்சிருக்கே' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அஞ்சி, விடிவதற்கு முன்னே எழுந்து மேடையைத் துடைத்து, புழுக்கையைப் பெருக்கித் தள்ளி, கட்டிய கணவரிடம்கூடச் சொல்லாமல் நாளைக் கடத்துகிறார். தங்கச்சி, உன்னிடம் நேராகவே சொல்கிறேன்: இது உன் குற்றம் இல்லை! சுண்டெலிக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறத்தாழ 3 கிராம் தீனி. கேஸ் அடுப்புக்கு அடியில் உருண்டுபோன நாலு பருப்பும், மிக்ஸிக்குப் பின்னால் ஒட்டிய தேங்காய்த் துருவலும் அதற்கு ராத்திரிச் சாப்பாடு. 6 மில்லிமீட்டர் சந்து, அதாவது ஒரு பென்சில் நுழையும் ஓட்டை, அதற்கு வாசல். தினமும் இரண்டு வேளை கழுவித் துடைக்கிற வீட்டிலும் இந்த இரண்டும் இருக்கும். எலி சுவரில் ஓட்டை தேடி வருகிறதே தவிர, உன் நடத்தையில் குறை தேடி வருவதில்லை.

ஆனால் மறைத்து வைத்தால்தான் ஆபத்து. சுண்டெலியின் கர்ப்பகாலம் சுமார் 20 நாள். ஓர் ஈற்றுக்கு ஐந்தாறு குட்டிகள். அந்தக் குட்டிகள் ஆறு வாரத்தில் இனம் பெருக்கத் தயாராகிவிடும். தீபாவளிக்கு ஒளித்து வைத்த சங்கதி பொங்கலுக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். ஆகவே இன்று ராத்திரி எல்லோரும் சாப்பிட உட்காரும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: "வீட்டுல எலி இருக்கு. நாம எல்லாரும் சேர்ந்து விரட்டப் போறோம்." அதைச் சொன்ன நொடியே பாதிப் பாரம் இறங்கும். அந்தச் சமையலறையில் வெந்த சோற்றைத் தின்னும் ஒவ்வொருவருக்கும் இந்த வேலையில் பங்கு உண்டு. டார்ச் பிடிக்க மகன் வரட்டும், சிமென்ட் குழைக்க அப்பா வரட்டும்.

அடுத்து பயத்துக்கு வருவோம். காலுக்கடியில் சரேலென்று ஒன்று ஓடினால் யாருக்கும் தூக்கிவாரித்தான் போடும். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எது ஓடியது என்று தெரிந்துகொள்ளுங்கள், பயம் தானாக வடிந்துவிடும். புழுக்கை சீரகம் போலச் சின்னதாக, முனை கூராகக் கிடந்தால் சுண்டெலி. அரை அங்குலம் நீளம் என்றால் பெரிய எலி. நீண்ட மூக்கை ஆட்டிக்கொண்டு கீச்கீச்சென்று கத்தி, நாற்றத்தை விட்டுப் போவது மூஞ்சூறு. அது எலி இனமே அல்ல. கரப்பானையும் பூச்சியையும் தின்ன வருவது. அதைக் கொல்லத் தேவையில்லை, கதவைத் திறந்துவிட்டு விளக்குமாற்றால் வழிகாட்டினால் போய்விடும்.

எதிரி யாரென்று தெரிந்துவிட்டது. இப்போது அவன் வரும் வழி தெரிய வேண்டும். அதற்கு ஒரு பிடி கோலமாவு போதும். படுக்கப் போகுமுன் சமையலறையின் சுவரோரமெல்லாம், சிங்க்குக்கு அடியில், ஃப்ரிட்ஜ் பின்னால், கதவு இடுக்கில் மெல்லிசாகத் தூவிவிடுங்கள். சுண்டெலி நடு அறையில் நடக்காது, சுவரை உரசிக்கொண்டேதான் ஓடும். காலையில் பாருங்கள்! மாவின்மேல் பொட்டுப் பொட்டாகக் காலடிகள், நடுவில் வால் இழுத்த கோடு. அந்தத் தடம் உங்களை நேராக வாசலுக்கே கூட்டிப்போகும். பெரும்பாலும் அது சிங்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடம்தான். கொத்தனார் குழாயைவிடப் பெரிதாகத் துளை போட்டு, பூசாமல் விட்டுப் போயிருப்பார். டார்ச்சை அடித்து உற்றுப் பாருங்கள். ஓட்டையின் விளிம்பில் கருகருவென்று எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். அதன் உடம்பு தினமும் உரசி உரசிப் படிந்த அழுக்கு அது. அதற்குப் பக்கத்தில் இரண்டு மூன்று புழுக்கை. பளபளவென்று மெத்தென்றிருந்தால் நேற்று போட்டது, தொட்டால் உதிர்ந்தால் பழையது. இவ்வளவையும் கண்டுபிடிக்க எந்தக் கம்பெனியும் வரவில்லை. உங்கள் கண் கண்டுபிடித்தது!

இனி அடையுங்கள். பேப்பர், பழந்துணி, தெர்மாகோல் எதுவும் வேண்டாம். வாழ்நாளெல்லாம் வளர்ந்துகொண்டே இருக்கும் முன்பற்களுக்கு அவையெல்லாம் ஒரு ராத்திரி வேலை. பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் கம்பி நாரை எடுத்து, விரலால் குத்திக் குத்தி ஓட்டை நிறையத் திணியுங்கள். அதன்மேல் சிமென்ட் பூசுங்கள். நம் கொத்தனார்கள் உடைந்த கண்ணாடியைப் பொடித்துக் கலப்பார்களே, அப்படிக் கலந்தால் இன்னும் உறுதி. எக்ஸாஸ்ட் ஃபேன் திறப்புக்கு நெருக்கமான கம்பி வலை, கதவின் அடிச்சந்துக்குத் தகரப் பட்டை, தண்ணீர் போகும் துவாரத்துக்கு இரும்பு ஜாலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இந்த அறிவு எங்கிருந்தோ இறக்குமதியானது இல்லை. இருளர் மக்கள் வயலில் எலி பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வரப்பில் குனிந்து மண்ணைப் பார்த்தே எது குடியிருக்கும் வளை, எது கைவிட்ட வளை என்று சொல்லிவிடுவார்கள். கண்டவுடன் மண்வெட்டியை ஓங்குவதில்லை. முதலில் அது தப்பிப்போகும் வழிகளைத் தேடித் தேடி அடைக்கிறார்கள். அதன் பிறகுதான் மண்சட்டியில் புகை மூட்டி வளைக்குள் ஊதுகிறார்கள். காவிரி டெல்டா விவசாயி மூங்கிலை வளைத்துக் கயிறு கட்டித் தஞ்சாவூர்க் கிட்டி என்ற எலிப்பொறி செய்து வயலெங்கும் நட்டு வைத்தார். ஒரு விதை நெல்லும் இழக்க முடியாதவருக்கு 'விதி' என்று உட்கார நேரமில்லை. தென்னையில் எலி ஏறாமல் தகரம் சுற்றியதும், தயிர்ப் பானையை உறியில் தொங்கவிட்டதும், நெல்லைப் பத்தாயத்தில் பூட்டியதும் நம் வீட்டுப் பாட்டன் பாட்டிகள். அந்த வம்சத்தில் வந்த நாம், ஒரு சுண்டெலிக்குப் பயந்து ஸ்டூல்மேல் ஏறுவதா?

கனடாவில் ஆல்பர்ட்டா என்றொரு மாகாணம். பரப்பில் தமிழ்நாட்டைப்போல ஐந்து மடங்கு. 1950இல் கிழக்கு எல்லையில் பழுப்பு எலி தலைகாட்டியது. வரட்டும் பார்க்கலாம் என்று அவர்கள் இருக்கவில்லை. எல்லையோரம் ஒரு பட்டையை வகுத்து, அதிலுள்ள பண்ணைகளை வருடா வருடம் சோதித்து, கண்ட இடத்திலேயே ஒழித்தார்கள். சுண்டெலி அங்கேயும் உண்டு. ஆனால் அந்தப் பழுப்பு எலி இன்றுவரை அங்கே குடியேற முடியவில்லை. ஒரு மாகாணமே காவல் நிற்க முடியுமென்றால், பத்துக்குப் பத்து அறையைக் காக்க நம்மால் முடியாதா?

முடியும். ஆனால் எதைக் கையில் எடுக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். விஷம்! மளிகைக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைத்த எலிப்பசை எத்தனை குடும்பங்களின் விளக்கை அணைத்திருக்கிறது என்பது நம் அரசு மருத்துவமனைகளுக்குத் தெரியும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்தப் பசை கல்லீரலை அழித்துவிடும். அதனால்தான் தமிழக அரசே அதற்குத் தடை விதித்தது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வீட்டில் வைத்த மருந்தின் நெடியில் இரண்டு சின்னக் குழந்தைகள் போய்விட்டன. நினைத்தால் வயிறு எரிகிறது. எலியைக் கொல்லப் போய்ப் பிள்ளையை இழப்பதா? தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், சோறு வேகும் அறையில், விஷத்துக்கு இடமே கிடையாது. மாத்திரை, பொடி, பிஸ்கட் எதுவாக இருந்தாலும் சரி. தப்பித் தவறிக் குழந்தை வாயில் வைத்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால்கூட, "நல்லாத்தானே இருக்கான்" என்று காத்திருக்காதீர்கள். உடனே 108ஐக் கூப்பிட்டு, அந்த மருந்தின் உறையையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பசை அட்டையையும் விட்டுவிடுங்கள். ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் துடித்துச் சாகும் கொடுமை அது. விலங்குகள் நல வாரியமே கூடாதென்று சொல்லியிருக்கிறது. நம் பிள்ளைகள் பார்க்கும்படி ஓர் உயிரை அப்படி வதைப்பது வீரம் ஆகாது. மரத்தில் கம்பி வைத்த பழைய எலிப்பொறி போதும், ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆனால் நாலு அறைக்கு ஒரு பொறி வைத்துவிட்டு 'மாட்டலையே' என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். சுண்டெலி கூட்டை விட்டுப் பத்து மீட்டர் தாண்டுவதே அபூர்வம். கோலமாவில் தடம் தெரிந்த இடத்திலேயே, சுவரைத் தொட்டாற்போல, தீனி வைத்த பக்கம் சுவரைப் பார்க்கும்படி நாலைந்து வையுங்கள். சுட்ட தேங்காய்ச் சில்லோ மசால்வடைத் துணுக்கோ, கடுகளவு போதும், அதை நூலால் கட்டுங்கள். கட்டாமல் வைத்தால் பொறி விழாமலே தின்றுவிட்டுப் போகும். அப்படிப் போனாலும் சோர்ந்துவிடாதீர்கள்! அது வந்து தின்றது என்றால் நீங்கள் வைத்த இடம் சரி என்று பொருள். கட்டு மட்டும்தான் தளர்ந்திருக்கிறது. இறுக்கிக் கட்டுங்கள். பெரிய எலி என்றால் பொறுமை கூடுதலாக வேண்டும், புதுப் பொருளைக் கண்டால் அது ஒதுங்கும். இரண்டு மூன்று நாள் பொறியின் கம்பியை இழுத்து மாட்டாமல் தீனி மட்டும் வைத்துப் பழக்குங்கள்.

ஒரு விஷயத்தில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அடுப்புக்கு வரும் கேஸ் டியூபை இப்போதே குனிந்து பாருங்கள். பல் பட்ட தடம் ஒன்று இருந்தாலும் ரெகுலேட்டரை மூடிவிட்டு டியூபை மாற்றுங்கள். உள்ளே எஃகுக் கம்பி பின்னிய 'சுரக்ஷா' டியூப் கேஸ் ஏஜென்சியிலேயே கிடைக்கும். கேஸ் வாசனை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறந்து, வெளியே போய் கேஸ் அவசர எண்ணான 1906க்குப் போன் செய்யுங்கள்.

புழுக்கையைக் காய்ந்தபடியே பெருக்காதீர்கள், தூசி மூக்கில் ஏறும். கையுறை போட்டு, ப்ளீச்சிங் கரைசலைத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துணியால் துடைத்தெடுங்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாகத்தான் எலிக்காய்ச்சல் பரவுகிறது, மழைக்காலத்தில் இன்னும் கவனம். ராத்திரி சிங்க்கில் எச்சில் தட்டை ஊறப்போடும் வழக்கத்தை நிறுத்துங்கள். பருப்பும் மாவும் எவர்சில்வர் டப்பாவுக்குப் போகட்டும். அரிசிச் சிப்பத்தைத் தரையை விட்டுத் தூக்கிச் சுவரைவிட்டுத் தள்ளி வையுங்கள். பூஜை அலமாரியில் நைவேத்தியத்தையும் எண்ணெய்த் திரியையும் இரவில் விட்டுவைக்காதீர்கள். பரணில் அடைத்த அட்டைப் பெட்டிகளுக்குப் போகி வரை தவணை கொடுக்காதீர்கள், அதுதான் பிரசவ அறை. சத்தம் எழுப்பி எலியை விரட்டும் என்று பிளக்கில் செருகும் கருவிக்குக் காசு அழவேண்டாம். அமெரிக்காவின் வணிக ஆணையம் 2001லேயே அதன் தயாரிப்பாளர்களிடம் ஆதாரம் எங்கே என்று கேட்டுவிட்டது.

ஒரு வாரம் கழித்து மறுபடி கோலமாவைத் தூவுங்கள். தடம் இருந்தால் இன்னொரு ஓட்டை மிச்சமிருக்கிறது, தேடுங்கள், கிடைக்கும். தடம் இல்லையென்றால் அந்தச் சமையலறை இருபத்து நாலு மணி நேரமும் உங்களுடையது! ஆனால் உங்கள் வீட்டில் வழி அடைபட்ட எலி அடுத்த வீட்டுக் குழாயைத் தேடிப் போகும். அங்கேயும் ஒரு தங்கச்சி யாரிடமும் சொல்லாமல் விடியற்காலையில் மேடையைத் துடைத்துக்கொண்டிருப்பாள். மிச்சமிருக்கும் சிமென்ட்டையும் கம்பி நாரையும் எடுத்துக்கொண்டு போய் அவள் கதவைத் தட்டுங்கள்.