பிறர்வினை ஆராய்தல் தகுமோ?

சைவாசிரியர்களே!

ஒவ்வோரான்மாவும் தான் ஈட்டிய வினையின் பயனைத் தானே நுகரும் என்பது நஞ்சமயத் துணிபு. இத்துணிபை நாம் வகுப்பில் ஓதுகின்றோம், பரீட்சையில் வினாவுகின்றோம், விடைக்குப் புள்ளியும் இடுகின்றோம். ஆயின், அதனை எவரிடத்து, எந்நோக்கம்பற்றிக் கூறுதல் தகும் என்பதை நம்மிற் பலர் ஆராய்ந்ததில்லை. யாமும் ஆராய்ந்தேமல்லேம். அவ்வாராய்ச்சியை எம்மேற் சுமத்தியவர் மல்லாவியில் வாழுந் தாயொருவர். அவரிடத்து யாம் செய்த பிழையை முதற்கண் கூறி, அதன்பின் பொருளை விசாரிப்போம்.

அவ்வம்மையாருக்கு ஆண்மக்கள் இருவர். மூத்தவன் ஒன்பது வயதினன். ஓட்டிசம் என்னும் நிலையை உடையவன். பேசுஞ் சொற்கள் மிகச் சில. இளையவன் ஆறு வயதினன், ஏ.டி.எச்.டி. என வைத்தியர் கூறும் கவனக்குறைவும் மிகையியக்கமும் உடையவன். தந்தையார் வவுனிக்குளத்து நீர் பாயும் வயலில் நெல் விளைப்பவர். மூன்றாண்டுகளுக்கு முன் மூத்தவனை எம் வகுப்பிற் சேர்த்தனர். மணியொலித்தபோதெல்லாம் அவன் இரு செவியையும் பொத்திக்கொண்டு அலறினான். மேசையின் கீழ்ப் புகுந்து வெளிவர மறுத்தான். ஒரு மாதஞ் சென்றபின் யாம் தாயாரை அழைத்து, “பிள்ளை, இது உங்கள் வினைப்பயன். இவனை வீட்டில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு நேர்த்தி வையுங்கள்” என்றேம். அவர் மறுமொழி கூறவில்லை. மகனுடைய பையையும் தண்ணீர்ப்போத்தலையும் எடுத்துக்கொண்டு சென்றார். மறுநாள் முதல் அவன் வந்திலன். யாம் உண்மையைச் சொல்லியதாகவே எண்ணினேம். வகுப்பு அமைதியானமை கண்டு மகிழ்ந்தும் இருந்தேம்.

இவ்வாண்டு இளையவன் எம் வகுப்பிற்கு வந்தான். அவன் ஓரிடத்து இருப்பதில்லை; கேள்வி முடியுமுன் விடை கூறுவான்; பென்சிலை நாடோறும் தொலைப்பான். அவன்மேற் குறைகூறும்பொருட்டுக் கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமையொன்றிற் காலையிலேயே அவ்வீட்டிற்குச் சென்றேம். மழை விடாது பெய்தமையால் அந்திவரை அங்கே தங்க நேர்ந்தது. அன்று கண்டனவும், அவர் சொல்லக் கேட்டனவும் ஆகியவற்றைச் சுருக்கிச் சொல்லுதும்.

விடியுமுன் நான்கு மணிக்கு மூத்தவன் எழுகின்றான். அவன் எழுந்தால் தாயும் எழவேண்டும். வீட்டுக் கிணறு கட்டில்லாதது. அவனுக்கோ நீரின்மேல் அளவற்ற விருப்பம். படலையைக் கயிற்றாற் கட்டியபின்னரே அடுப்பு மூட்டப்படும். பிட்டு ஒரு நீலக் கோப்பையிலேயே இடப்படவேண்டும். வேறொன்றில் இட்டால் அவன் அன்று உண்ணான். புதுச்சட்டை அவனுடம்பை முள்ளெனக் குத்தும்போலும். ஆகவே ஒரு பழஞ்சட்டையையே இரவில் தோய்த்து அடுப்பருகில் உலர்த்தி விடியலில் அணிவிக்கின்றார். இளையவனுக்கோ ஒருவேளைக்கு ஒரு சொல்லே சொல்லவேண்டும். பையை எடு என்றால் எடுப்பான். பையையும் போத்தலையும் எடு என்றால் இரண்டையும் மறப்பான். பாடசாலைக்குப் புறப்பட்டவன் தும்பியைத் துரத்திக்கொண்டு வாய்க்கால்வரை சென்றுவிடுவான். ஒரு கையில் மூத்தவனைப் பற்றியபடியே தாய் அவன்பின் ஓடவேண்டும்.

அன்று நண்பகலில் உழவியந்திரமொன்று ஒழுங்கையால் ஓடிற்று. மூத்தவன் தலையை நிலத்தில் மோதத் தொடங்கினான். தாய் ஓடிச்சென்று தலைக்கும் நிலத்துக்கும் இடையே தம் கையை வைத்தார். ஓசை ஓயுமளவும் அந்தக் கையின்மேலேயே அவன் மோதினான். அக்கையின் புறத்திற் பழைய தழும்புகள் பலவற்றைக் கண்டேம்.

சிகிச்சைக்காக மாங்குளஞ் சென்று, கண்டி வீதியிற் பேருந்து மாறி, யாழ்ப்பாணம் போய் மீள்வதில் ஒரு நாள் முழுதுஞ் செல்லும். பேருந்தில் மகன் அலறினால் பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்பார் உளர். கோயிலுக்கு அவர் சென்று ஈராண்டாயிற்று. “மேளத்தையும் மணியையும் அவன் தாங்கமாட்டான் ஐயா, சனங்களின் பார்வையை நான் தாங்கமாட்டேன்” என்றார். அவ்வீட்டில் மகிழ்ச்சியே இல்லையோ எனின், உண்டு. தாழ்வாரத்தில் ஒழுகிய மழைத்துளிகளை ஒவ்வொன்றாகக் கையிலேந்தி மூத்தவன் சிரித்த சிரிப்பைப்போல யாம் எவ்வகுப்பிலுங் கேட்டதில்லை. அவன் சென்ற ஆண்டில் முதன்முறையாகத் ‘தண்ணி’ என்று கேட்டானாம். அந்நாளைத் தாய் தேதியோடு சொல்லுகின்றார். யாம் இளையவன்மேற் குறைகூறிக்கொண்டிருந்த வேளையில் எம் நனைந்த குடையை எடுத்துத் திண்ணையில் விரித்து உலரவைத்தவனும் அவ்விளையவனே.

இனிப் பொருளை விசாரிப்போம். அத்தாயை நோக்கி வினைப்பயன் என்று யாம் கூறியது தகுமோ? வினை உண்டென்பது பொய்யன்று. அதனை யாம் மறுக்கப் புகுந்தேமல்லேம். வினை மூவகைத்து: முன்னீட்டிக் குவித்தது சஞ்சிதம், இப்பிறப்பில் நுகர்வது பிராரத்தம், நுகருங்காற் புதிதாக ஏறுவது ஆகாமியம். ஓருயிரின் பிராரத்தம் இன்னதென அறிபவர் சிவபெருமானொருவரே. ஒன்றாம் வகுப்பாசிரியர் அறியார். நாம் அறியக்கூடியதும், நம் வசத்ததும், இன்று நாம் செய்கின்ற வினையொன்றே. பிறருடைய பிராரத்தத்தை அளக்கப் புகுந்த அவ்வேளையில் யாம் எம்முடைய ஆகாமியத்தையே ஈட்டினேம்.

மேலும், தனு கரண புவன போகங்கள் என்னும் உடம்பு, கருவி, உலகு, நுகர்பொருள் நான்கும் இறைவன் கருணையினால் ஆன்மாவுக்கு அளித்தவை என்பது சித்தாந்தம். எம் செவி மணியோசையை இனிதெனக் கேட்கின்றது. அப்பிள்ளையின் செவி அதனை இடியெனக் கேட்கின்றது. இரு செவியும் ஒருவர் தந்தவை. ஒன்றைப் பரிசென்றும் மற்றொன்றைத் தண்டனையென்றும் வகுத்துரைக்க நமக்கு அதிகாரந் தந்தவர் யாவர்?

வினையென்று கொள்ளுதல் துன்புறுவோர்க்கு ஆறுதலன்றோ எனின், ஒருவர் தம்மைப்பற்றித் தாமே அங்ஙனங் கொள்ளின் ஆறுதலாம், பொறுமையும் விளையும். அதனையே பிறர்க்குக் கூறின் அது பழியாம். மருந்தைத் தான் உண்பதும் பிறர் கண்ணில் எறிவதும் ஒன்றாமோ? இன்னுமொன்று உண்டு. அப்பிள்ளை எம் வகுப்பிற்கு வந்தது வினையாலெனின், அவ்வினையில் எமக்கும் பங்குண்டு. எமது பங்கை வாயிற்புறத்தே தள்ளிவிட்டுத் தாயின் பங்கைமாத்திரம் எண்ணிக்காட்டியது நேர்மையன்று.

யாம் இளமையிற் பயின்றது மிஷன் பாடசாலை. அங்கே கேட்ட விவிலியக் கதையொன்று அன்றிரவு நினைவிற்கு வந்தது. பிறவிக்குருடர் ஒருவரைக் கண்ட சீடர், இது இவர் செய்த பாவமோ பெற்றோர் செய்த பாவமோ என்று குருவை வினாவினர். இருவர் பாவமுமன்று என்றார் குரு. பிறர் நூலிற் கண்டதாயினும் நல்லது நல்லதேயாம்.

பெற்றோரைப் பழிக்கும் இப்பிழை நம் கிராமத்துக்கே உரியதென்று எண்ணற்க. ஓட்டிசத்தை 11 பிள்ளைகளிடத்து ஆராய்ந்து 1943ஆம் ஆண்டில் வகுத்துரைத்தவர் அமெரிக்காவில் வாழ்ந்த லியோ கன்னர் என்னும் வைத்தியர். அவர் எழுத்திலும் பெற்றோர் அன்பிற் குளிர்ந்தவர் என்னுங் குறிப்பு இருந்தது. அதனைப் பற்றிக்கொண்டு, தாயின் அன்பின்மையே காரணமென்று பல்லாண்டு பேசினர். சிக்காகோவில் புருனோ பெற்றல்கைம் என்பவர் 1967இல் அதனைப் பெருநூலாகவே எழுதினார். அதற்கு மூன்றாண்டு முன்னரே, ஓட்டிசமுடைய பிள்ளையொன்றின் தந்தையும் உளநூலாருமான பேர்னாட் றிம்லண்ட் 1964இல் வெளியிட்ட நூலில், இது மூளையின் அமைப்பைச் சார்ந்தது, வளர்ப்பின் குற்றமன்று என்று காட்டியிருந்தார். 1977இல் வெளியான இரட்டைப்பிள்ளைகள்பற்றிய ஆய்வு பரம்பரையின் பங்கினைத் தெளிவாக்கிற்று. கன்னர் தாமே 1969இல் பெற்றோர் கூடிய சபையொன்றில் நின்று, அவர்களைக் குற்றத்தினின்றும் விடுவிப்பதாக வெளிப்படக் கூறினார். கற்றவர் பிழை செய்தல் புதிதன்று. பிழைசெய்த வாயாலேயே அதனை மாற்றியுரைத்தலன்றோ அரிது!

மிகையியக்கமும் இப்படியே. இலண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்னும் வைத்தியர் 1902இல் இத்தகைய பிள்ளைகளை எடுத்துரைத்தபோது, அதனை ஒழுக்கத்தைக் காக்கும் வன்மையின் குறையென்றார். இன்று அது மூளைவளர்ச்சியின் வேறுபாடென அறிகின்றோம். இரண்டும் ஒரு பிள்ளையிடத்தே ஒருங்கிருத்தலுங் கூடும். அமெரிக்க மனவைத்தியர் சங்கத்தின் கைந்நூல் அதனை 2013இல் ஏற்றுக்கொண்டது. பரம்பரை என்றவுடன் தாய்வீட்டாரைச் சாடுதலும், அக்குடும்பத்துப் பெண்களின் விவாகத்தைத் தடுத்தலும் பழைய பழியையே புதுப்பெயரிற் சுமத்துதலாம். நிறமும் உயரமும் பரம்பரையால் வருவன. அவற்றை யாரும் குற்றமென்பதில்லை.

இஃது அரிதாக நிகழ்வதோ எனின், அன்று. இலங்கையின் ஊரொன்றில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்னுங் கணக்கைக் கண்டது. ஆகவே, நடுத்தரமான ஒரு பாடசாலையிற் சிலராதல் இருப்பர். இல்லையெனின், அவர்கள் யாம் அனுப்பியதுபோல வீட்டிற்கு அனுப்பப்பட்டவராவர். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனங் காரணமாகக் கல்விநிலையத்தில் அனுமதி மறுத்தலைத் தடுக்கின்றது. ஆதலின் யாம் செய்தது அறத்துக்கு மாத்திரமன்றி நாட்டின் சட்டத்துக்கும் மாறானது.

அங்ஙனமாயின் நாம் செய்யற்பாலது யாது? தண்டியடிகணாயனார் சரித்திரத்தை ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். பிறவியிலேயே கண்ணிலராகிய அவர் திருவாரூர்த் திருக்குளத்தைத் தோண்டத் தலைப்பட்டுக், குளத்தின் உள்ளே ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவித் தடவி மண் சுமந்தார் எனப் பெரியபுராணம் கூறும். அவர் பின்னர்க் கண்பெற்ற அற்புதத்தையே மாணாக்கர்க்கு விரித்துரைக்கின்றோம். கண்பெறுமுன்னரே தொண்டு முற்றுதற்கு உதவிய கயிற்றை மறந்துவிடுகின்றோம். ஓட்டிசம் என்பது மாறும்வரை காத்திருக்க வேண்டிய நோயன்று. அப்பிள்ளைக்கு வேண்டுவது கயிறு. அதனைக் கட்டுதல் ஆசிரியர் தொழில்.

கயிறாவன பெரும்பொருள் வேண்டுவன அல்ல. நாளின் பாடவொழுங்கைச் சிறு படங்களாக வரைந்து அவன் மேசையில் ஒட்டுக. மாற்றம் வருமாயின் முன்னரே காட்டுக. மணியடிக்குமுன் அவனுக்கு அறிவித்து அப்பாற் கொண்டுசெல்க. இருக்கையை மாற்றற்க. இளையவன் போன்றாருக்கு ஒருகாலத்து ஓர் ஏவலே இடுக. வேலையைச் சிறு கூறாக்குக. இடையிடையே பூங்கன்றுக்கு நீர்வார்த்தல்போன்ற இயக்கந் தருக. சோம்பேறி, குழப்படிகாரன் என்னும் பெயரை இடாப்பிலும் மனத்திலும் எழுதற்க. ஐயம் உண்டாயிற் பேயென்று பார்வைபார்க்க அனுப்பாது, பழிகூறாது, காலந்தாழ்த்தாது வைத்தியரிடம் அனுப்புக. கோயிலிற் சனநெரிசலில்லாத வேளையில் அத்தாயும் மக்களும் வந்து வழிபடத் துணைநிற்க. வாரத்தில் ஒருமணிநேரம் பிள்ளையை நாம் பார்த்துக்கொள்ளின் அத்தாய் உறங்குவார். அதனினுஞ் சிறந்த உபகாரம் யாம் அறியேம். திருக்கோயிலை அலகிடலும் மெழுகிடலும் சரியை என்கின்றோம். நாடோறும் ஒரு சட்டையைத் தோய்த்து, ஒரு கோப்பையைக் கழுவி, ஒரு தலைக்குக் கீழே கைவைப்பதும் அவ்வினத்ததே என்பது எம் கருத்து.

அந்தியில் மழை விட்டது. யாம் புறப்படுமுன், “பிள்ளை, மூன்று வருடத்துக்கு முன் உங்களிடம் சொன்னது பிழை; அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கவில்லை” என்றேம். அவர் சிறிதுநேரம் நிலத்தை நோக்கி நின்றார். பொறுத்தேன் என்றாவது பொறேன் என்றாவது கூறவில்லை. “ஐயா, அவன்ர பெயரை இடாப்பிலை திரும்ப எழுதுவியளோ?” என்று மாத்திரம் கேட்டார்.

திங்கட்கிழமை அதிபரிடம் நடந்ததைக் கூறி, அப்பெயரை எழுதுவித்தேம். அவன் இப்போது வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒன்றரை மணிநேரம் வருகின்றான். இன்னும் அலறுகின்றான், மேசையின் கீழும் புகுகின்றான். மேசையின் கீழே ஒரு பாயை விரித்து வைத்திருக்கின்றேம்.

நும் பாடசாலை இடாப்பிலும் கோடிட்டு நீக்கிய பெயரொன்று இருத்தல் கூடும். அன்பர்களே, ஒருமுறை புரட்டிப் பார்மின். திருவருள் முன்னிற்பதாக.