கடினமான மனிதர் என்பவர் யார்?

அறிவு வளர்ந்த இடத்தில் சண்டை குறைந்திருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். கல்லாதார் கூடும் இடத்தில்தான் பகையும் பூசலும் உண்டு. உண்மையைத் தேடும் விஞ்ஞானிகளை அவை அணுகா என்பது அவர்கள் கருத்து. இக்கருத்துக்கு ஆதாரம் இல்லை. விஞ்ஞானியும் மனிதரே. தம் உழைப்பின் பயனைப் பிறர் கொண்டுபோய்விடுவரோ என்ற அச்சம், முதன்மை பெற வேண்டும் என்ற ஆசை, தாம் மதிக்கப்படவில்லை என்ற மனப்புண் ஆகிய மூன்றும் ஆராய்ச்சிக்கூடத்தின் வாயிலில் நின்றுவிடுவதில்லை; மனிதரோடு உடன் நுழைகின்றன.

அங்ஙனம் பூசல் எழும்போது நாம் முதலில் செய்வது யாது? ஒருவரைச் சுட்டி, 'இவர் கடினமான மனிதர். இவரோடு யாராலும் பழக இயலாது' என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். இத்தீர்ப்பு நியாயமானதா என்பதே நாம் ஆராயப் புகும் கேள்வி. உலகறிந்த ஒரு வரலாறு இதற்குத் துணை செய்யும்.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஜான் ராண்டல் என்பவரின் தலைமையில் ஓர் ஆராய்ச்சிப் பிரிவு இயங்கி வந்தது. அதன் துணைத் தலைவர் மாரிஸ் வில்கின்ஸ். அவர் 1950ஆம் ஆண்டில், ரேமண்ட் காஸ்லிங் என்ற மாணவரின் உதவியோடு, டி.என்.ஏ. என்னும் பொருளை எக்ஸ் கதிர்களால் படம் எடுக்கத் தொடங்கியிருந்தார். அதே காலத்தில் பாரிஸ் நகரில் பணியாற்றி வந்த ரோசலிண்ட் பிராங்க்ளின் என்ற அம்மையார், எக்ஸ் கதிர் முறையில் தேர்ச்சி பெற்றவர், அப்பிரிவுக்கு வர இசைந்தார். 1950 டிசம்பரில் ராண்டல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். எக்ஸ் கதிர் சோதனைகளைப் பொறுத்தவரை இப்போதைக்கு அம்மையாரும் காஸ்லிங்கும் மட்டுமே இருப்பர் என்பது அதன் கருத்து. இக்கடிதம் வில்கின்ஸுக்குக் காட்டப்படவில்லை.

விளைவை ஊகிப்பது எளிது. 1951 ஜனவரியில் அம்மையார் வந்து சேர்ந்தபோது, இப்பணி முழுவதும் தம்முடையது என்று நம்பினார். வில்கின்ஸோ, தாம் தொடங்கிய பணிக்கு உதவ ஒரு நிபுணர் வந்திருப்பதாக நம்பினார். இருவர் நம்பிக்கைக்கும் காரணம் இருந்தது. ஒருவர் உரிமையோடு நடந்ததை மற்றவர் ஆணவம் என்று கண்டார். மற்றவர் அக்கறையோடு வினவியதை இவர் தலையீடு என்று கண்டார். அவர்களுடைய இயல்பும் வேறுபட்டிருந்தது. அம்மையார் கருத்தை நேருக்கு நேர் வாதிட்டுத் தெளிவதில் விருப்பமுடையவர். வில்கின்ஸ் வாதம் சூடேறினால் மௌனமாக விலகிச் செல்பவர். ஒருவரது பேச்சு மற்றவரைப் புண்படுத்தியது. மற்றவரது மௌனம் இவரைப் புண்படுத்தியது.

அவ்வாண்டின் பிற்பகுதியில் ராண்டல் பணியை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். பணி பிரிந்தது, பகை தீரவில்லை. 1952 மே மாதத்தில் அம்மையாரின் மேற்பார்வையில் காஸ்லிங் எடுத்த 51ஆம் எண் படம் மிகத் தெளிவானது. அது பின்னர் வில்கின்ஸின் கைக்கு முறையாகவே வந்தது எனினும், 1953 ஜனவரியில் அதனை அவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜேம்ஸ் வாட்சனுக்குக் காட்டியபோது அம்மையாருக்கு அது தெரிவிக்கப்படவில்லை. 1953 ஏப்ரல் 25 அன்று வாட்சன், கிரிக் இருவரின் கட்டுரை 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. கிங்ஸ் கல்லூரியின் இரு கட்டுரைகள் அதனைத் தொடர்ந்து அதே இதழில் அச்சாயின. ஒரே மாளிகையில் இருந்த இருவர் ஒருவரோடொருவர் பேசியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை நாம் அறுதியிட்டுக் கூற இயலாது. பேசாமையினால் இருவருமே இழந்தனர் என்பது மட்டும் உறுதி.

இனி நம் கேள்விக்கு வருவோம். பிராங்க்ளின் அம்மையார் கடினமான மனிதரா? 1968இல் வெளிவந்த தமது நூலில் வாட்சன் அவரை ஏறக்குறைய அவ்வாறே சித்திரித்தார். 1958இல், 37ஆம் வயதிலேயே மறைந்துவிட்ட அம்மையாரால் மறுமொழி கூற இயலவில்லை. ஆயினும் அவரது வாழ்க்கையே மறுமொழி கூறுகிறது. 1953இல் பிர்க்பெக் கல்லூரிக்குச் சென்ற பின், ஆரன் குளூக் என்ற இளம் விஞ்ஞானியோடு சேர்ந்து அவர் சிறந்த பணிகள் செய்தார். கிரிக் குடும்பத்தாரோடு நட்புப் பூண்டார். 1956இல் அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர்கள் இல்லத்தில் தங்கி உடல் தேறினார். ஓரிடத்தில் 'பழக இயலாதவர்' எனப்பட்டவர் மற்றோரிடத்தில் விருந்தினராகவும் தோழராகவும் விளங்கினார். அதே மனிதர்தாம், சூழ்நிலையே வேறு. வாட்சனும் தம் நூலின் முடிவுரையில், அம்மையாரைப் பற்றிய தம் முந்திய எண்ணங்கள் பல தவறானவை என்று ஒப்புக்கொண்டார்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? கடினம் என்பது பலவேளைகளில் ஒருவரது பிறவிக் குணம் அன்று; காரணங்களால் தோன்றுவது. காரணம் நீங்கின் அதுவும் நீங்கும். கிங்ஸ் கல்லூரியின் பூசலுக்கு வித்திட்டவர் சண்டையிட்ட இருவரும் அல்லர். தெளிவின்றி ஒரு சொல்லை ஒருவருக்கு எழுதி, மற்றவருக்கு மறைத்த தலைவரே.

'அவ்வாறாயின், எந்தத் தீங்குக்கும் யாரும் பொறுப்பில்லையா? மாணவரை இழிவுபடுத்தும் ஆசிரியரையும், பிறர் உழைப்பைத் தம் பெயரில் வெளியிடுவோரையும் சூழ்நிலையின் பெயரால் மன்னித்துவிடலாமா?' என்று வாசகர் வினவலாம். வேண்டிய வினாவே இது. காரணத்தை அறிவது வேறு. தீங்கைப் பொறுத்துக்கொள்வது வேறு. நோயின் காரணத்தை அறிந்த மருத்துவர் நோயை வளரவிடுவதில்லை. பொறுமை என்பது அடங்கிக் கிடத்தல் அன்று. மேலும், 'கடினமானவர்' என்ற பட்டத்தைச் சூட்டும் வசதி பெரும்பாலும் பதவியில் உயர்ந்தோர்க்கே உண்டு. நியாயம் கேட்கும் எளியவரை அப்பட்டத்தால் வாயடைப்பது எளிது. ஆகவே அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம், அதனைக் கூறுபவர் யார், அதனால் அவருக்கு விளையும் பயன் யாது என்று ஆராய வேண்டும்.

செய்யத்தக்கவை சிலவே. யாருக்கு எப்பணி, எவர் பெயரில் அது வெளிவரும் என்பதைத் தலைவர் தொடக்கத்திலேயே எழுதி, சம்பந்தப்பட்ட அனைவருக்கும் காட்ட வேண்டும். ஐயம் எழுந்தால், மூன்றாமவரிடம் குறை கூறுமுன் உரியவரிடமே சென்று கேட்க வேண்டும். ஒருவரது முடிவை மறுக்கலாம், அவரை இகழலாகாது. ஒருவரது உழைப்பின் பயனைப் பிறருக்குக் காட்டுமுன் அவரது இசைவைப் பெற வேண்டும். மெய்யாகவே தீங்கு செய்பவர் இருப்பின், நடந்ததை நாளோடு குறித்து வைத்து, தனித்து நில்லாமல் துணையோடு சென்று முறையிட வேண்டும். அப்போதும் தீங்கை ஒழிப்பதே நம் நோக்கமாதல் வேண்டும், பழி தீர்த்தல் அன்று.

இவ்வுண்மை ஆராய்ச்சிக்கூடத்துக்கு மட்டும் உரியதன்று. அலுவலகம், பள்ளி, சங்கம் எனப் பலர் கூடிப் பணியாற்றும் இடமெங்கும் இது பொருந்தும். ஒருவரைக் கடினமானவர் என்று நாம் கூறப் புகும்போது, அவரிடம் சொல்லாமல் விடப்பட்டது எது என்று முதலில் கேட்போமாக. சினத்தினால் அடைத்த கதவைப் பல வேளைகளில் அவ்வொரு கேள்வியே திறந்துவிடும்.