கடை வாடகையில் நியாயம் எது?



நம்மவர் கடைகள் நிலைத்து வளர வேண்டுமென்று கூட்டந்தோறும் பேசுகிறோம். ஆனால் பழைய கடையொன்று மூடப்படும்போது காரணத்தை விசாரித்தால், பல சமயம் சரக்குமல்ல, வாடிக்கைக் குறைவுமல்ல, வாடகையே காரணமாயிருக்கிறது. அவ்வாடகையைக் கேட்பவரும் சில வேளைகளில் நம்மவராகவே இருக்கிறார். ஆகவே வெளியாரைக் குறை கூறுமுன் நமக்குள் கேட்டுக்கொள்வோம்: நாற்பதாண்டுகள் ஒருவர் கடை நடத்திய இடத்திற்குப் புதியவரொருவர் இரட்டிப்பு வாடகை தர முன்வந்தால், கட்டிடச் சொந்தக்காரர் செய்ய வேண்டியது யாது?

"சொத்து என்னுடையது, அதிகம் தருபவருக்கு விடுவதில் குற்றமென்ன?" என்பார். அதிலும் நியாயமுண்டு. 1948 பிப்ரவரிக்கு முன் கட்டப்பட்ட கட்டிடங்களுக்கு 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில், பினாங்கில் எத்தனையோ சொந்தக்காரர்களுக்குக் கிடைத்த வாடகை கூரை ஓடு மாற்றவும் போதவில்லை. 'டீ மணி' என்ற பெயரில் கைப்பணம் வாங்கிக்கொண்டு, தம்முடையதல்லாத இடத்தைப் பிறருக்குக் கைமாற்றிய குடியிருப்பாளர்களும் இருந்தார்கள். அதை நீதியென்று எவர் சொல்வார்? 1997இல் இயற்றிய சட்டத்தால் அக்கட்டுப்பாடு 1999 முடிவோடு ஒழிந்தது. ஒழிந்த பின் வாடகை ஒரேயடியாக ஏற, ஜார்ஜ் டவுனிலிருந்து பழைய குடும்பங்களும் கடைகளும் வெளியேறின. அதுவும் நீதியாகத் தோன்றவில்லை.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த இடத்தின் மதிப்பு ஏறியது செங்கல்லாலா? கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றிய தெருக்களுக்கு ஜனங்களை வரவழைத்தவர்கள் நாணய மாற்றுக்காரரும் நாசி கண்டார்க்காரரும் அல்லவா? 2008இல் யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, கட்டிடங்களோடு அங்கு வாழும் மக்களின் வழக்கங்களையும் கணக்கில் எடுத்தது. கடைக்காரரின் உழைப்பால் ஏறிய மதிப்பைக் காட்டியே அவரை வெளியேற்றுவது, சட்டப்படி செல்லுமாயினும், மனத்திற்கு ஒப்பவில்லை.

இலவசமாக இடம் கொடுங்களென்று சொல்லவில்லை. புதியவருக்கு வாக்குக் கொடுக்குமுன் இருப்பவரை ஒரு வார்த்தை கேளுங்கள். ஓராண்டுத் தவணை கொடுங்கள். உயர்வைப் படிப்படியாக ஏற்றுங்கள். கடைக்காரரும் தேதி தவறாமல் வாடகை கட்டவேண்டும்; உள்வாடகைக்கு விடலாகாது.

சிக்கலான இடம் வாரிசுரிமைதான். தகப்பனார் மௌத்தானதும் ஒரு கட்டிடத்திற்கு ஏழெட்டுப் பங்காளிகள். ஒருவர் இரக்கப்பட்டாலும் மற்றவர்கள் பணத்தைக் கேட்பார்கள். இத்தகைய வேளையில் நம் ஷரீஅத்திலுள்ள ஷுஃப்ஆ என்னும் முன்வாங்கும் உரிமையை நினைக்கலாம். ஷாபி மத்ஹபில் அது கூட்டுச் சொத்தின் பங்காளிக்கு மட்டுமே. ஹனபி மத்ஹபில் அண்டைச் சொத்துக்காரருக்கும் உண்டு. வாடகைக்கு இருப்பவருக்கு இரண்டிலுமில்லை. ஆனால் மற்றப் பங்காளிகளின் சம்மதத்தோடு ஒரு வாரிசின் பங்கையாவது அவர் வாங்கிவிட்டால், அவரும் பங்காளியாகிறார். அதன்பின் மீதிப் பங்குகள் வெளியாருக்கு விற்கப்படும்போது முதலில் கேட்கப்பட வேண்டிய பங்காளிகளில் அவரும் ஒருவர். அந்த ஒரு பங்கை வாங்க வட்டியில்லாக் கைமாற்றுக் கொடுக்க, வசதியுள்ள நாலு வியாபாரிகள் சேர்ந்தால் போதும்.