நேசிக்கும் எண்களும் நேசிக்கும் மனிதரும்

எண்களுக்குள் நட்பு உண்டா? கேட்போர் நகைக்கலாம். ஆயினும் கணித நூலோர் 220, 284 என்னும் இரண்டு எண்களை நண்பர்கள் என்றே நெடுங்காலமாக அழைத்து வந்துள்ளனர்.

220ஐ மீதமின்றி வகுக்கும் எண்களுள் 220ஐ மட்டும் விலக்கி, ஏனையவற்றை எழுதுவோம்: 1, 2, 4, 5, 10, 11, 20, 22, 44, 55, 110. கூட்டினால் வருவது 284. இனி 284ஐ அவ்வாறே பகுத்தால் 1, 2, 4, 71, 142. இவற்றின் கூட்டுத்தொகை 220. ஒன்றன் கூறுகள் சேர்ந்து மற்றொன்றை ஆக்குகின்றன. அரபியில் இவற்றுக்கு ‘முதஹாப்பா’ என்று பெயர். ஒன்றையொன்று நேசிப்பவை என்பது பொருள்.

இத்தகைய இணைகளைக் காணும் விதியொன்றை, 901இல் மறைந்த தாபித் இப்னு குர்ரா நிறுவினார். ஹர்ரானைச் சேர்ந்த இவர் சாபியீ சமயத்தவர், பக்தாதில் பணியாற்றினார். சமயம் வேறென்று அவருடைய கணிதத்தை எவரும் ஒதுக்கவில்லை. 17296, 18416 என்னும் இணை அவ்விதியின் வழியே பிறப்பது. பிற்காலப் பாரசீக அறிஞர் கமாலுத்தீன் அல்ஃபாரிசீ இதனை அறிந்திருந்தார். ஐரோப்பாவில் ஃபெர்மா இதனைக் கண்டது 1636இல்தான்.

நட்பு என்னும் பெயர் வந்ததும் ஆசையும் உடன் வந்தது. இவ்வெண்களைப் பொறித்துத் தாயத்துச் செய்தால் உள்ளங்கள் கூடும் என்று சிலர் நம்பினர். இச்செய்தியை இப்னு கல்தூன் தமது ‘முகத்திமா’வில் குறித்துள்ளார். இன்றும் இல்லறத்தில் பிணக்கு நேர்ந்தால் எண் கட்டம் எழுதிய தாளைத் தேடி ஓடுவோர் நம்மிடையே இல்லாமலில்லை. பிரிந்தவரைச் சேர்ப்பது நல்ல நோக்கமல்லவா என்றும் அவர்கள் கேட்பர்.

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். 220 தன் நண்பனைத் தேர்ந்தெடுக்கவில்லை. கைவிடவும் அதனால் இயலாது. அதன் நட்பு நியதி. மனிதனோ விலகிச் செல்லும் ஆற்றலுடன் படைக்கப்பட்டவன். விலக முடிந்தும் விலகாதிருப்பதே அவனுடைய நேசத்தின் மதிப்பு. ஒருவருடைய விருப்பத்தைத் தாயத்தால் கட்டிவிட இயலும் என்றே வைத்துக்கொள்வோம். அவ்வாறு கட்டுண்டவர் நம்மை நேசிக்கிறார் எனலாமா? நாம் நாடியது நேசம். நமக்குக் கிடைப்பது அடிமைத்தனம். நோக்கம் நல்லதாயினும் நாடிய பொருளையே அவ்வழி அழித்துவிடுகிறது.

அப்படியானால் எண்கள் நமக்குக் கற்பிப்பது ஒன்றுமில்லையா? உண்டு, அது பணிவு. 1184, 1210 என்னும் சிறிய இணை பேரறிஞர் பலர் கண்ணிலும் படாமல் கிடந்தது. தாபித்தின் விதிக்கும் அது அகப்படுவதில்லை. 1866இல் அதனை வெளிப்படுத்தியவர் நிக்கோலோ பகனீனி என்னும் 16 வயது இத்தாலிய இளைஞர். இத்தகைய இணைகள் முடிவின்றி உள்ளனவா என்பது இன்றும் நிறுவப்படவில்லை. பொறுமையுடன் வினவுபவர் சிறியவராயினும் எண் தன்னைத் திறந்து காட்டுகிறது.

எனவே எண்ணைக் கல்விக்கு வைத்துக்கொள்வோம். பிணங்கிய துணையிடமும் சகோதரனிடமும் சொல்ல வேண்டிய சொல்லை நாமே சென்று சொல்வோம்.