இடிபாடு யாருடையது?

கெடாரில் எங்கள் பழைய வீட்டின் மேல்தளத்தை மாற்றினோம். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லை நிறுத்தி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இறுக்கிய மெட்ராஸ் டெரஸ். ஒழுகாத மூலையே இல்லை என்றான பிறகுதான் கை வைத்தோம். வேலை முடிந்த சனிக்கிழமை மாலை கொத்தனார் கரண்டியைக் கழுவித் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். வாசலிலோ, பாதித் தெருவை அடைத்துக்கொண்டு இடிபாடு குவிந்து கிடந்தது.

"மேஸ்திரி, இது?" என்றேன்.

"வேலைக்குத்தானே கூலி பேசினோம், ஐயா? ரப்பீஸ் வீட்டுக்காரர் பொறுப்புங்க."

சிமெண்டு எத்தனை மூட்டை, மணல் எத்தனை நடை என்று கணக்குப் பார்த்த நான் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அவரும் பேசவில்லை. பேசாமல் விட்டால் எதிராளி தலையில் விடியும் என்று இருவருமே எண்ணியிருந்தோமோ என்னவோ!

விடிந்தது வேறொருத்தி தலையில். வழக்காடிக்கொண்டிருந்த எங்கள் இருவர் கண்களும் ஒரே பக்கம் திரும்பின. சித்தாளாக வந்த அம்மாள் சாந்துச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு, கைகால் கழுவி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் ஓரமா வாரிப் போட்டுட்டுப் போயேம்மா" என்றேன்.

"பஸ்ஸு போயிடுங்க, ஐயா" என்றாள். அவ்வளவுதான். முடியாது என்று சொல்லவில்லை. கழுவிய கையால் மறுபடி மண்வெட்டியை எடுத்தாள்.

அந்தக் கழுவிய கை இன்னும் என்னை உறுத்துகிறது. யார் செய்வது நியாயம் என்றா நாங்கள் கேட்டோம்? யாரால் மறுக்க முடியாது என்றல்லவா தேடினோம்!

முன்பெல்லாம் மண்சுவரை இடித்தால் மண் மண்ணோடு போயிற்று. செங்கல் துண்டை ஜல்லியாக உடைத்து வேறொரு தளத்துக்குப் போட்டார்கள். சிமெண்டுக் கட்டியும் டைல்ஸ் சில்லும் எந்த வயலில் கரையும்? 2016-ல் மத்திய அரசு வகுத்த கட்டிடக் கழிவு விதிகள், கழிவை உண்டாக்குகிறவரே அதற்குப் பொறுப்பு, போக்குவரத்துக்கோ வடிகாலுக்கோ இடைஞ்சலாகப் போடக்கூடாது என்றன. உண்டாக்கியவர் யார்? சுத்தியல் பிடித்த கை கொத்தனாருடையது. இடிக்கச் சொன்ன வாய் என்னுடையது. மழைக்காலத்தில் நனையாமல் தூங்கப் போகிறவனும் நான்தான். தரையில் சிந்திய சாந்தைச் சுரண்டிவிட்டுப் போவது அவர் தொழிலுக்கு அழகு. சிந்தாமலே வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பழைய தளம் உடையாமல் புதிய தளம் வருமா? அந்தக் குவியலும் வீட்டுச் செலவில் சேர்ந்ததுதான். கொத்தனார் சொன்னது சரி. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த அம்மாளை அப்போதே பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அனுப்பவில்லை. இருட்டும் வரை வாரினாள். அரை நாள் கூலி கொடுத்தேன், பஸ் போய்விட்டிருந்தது.

மறுநாள் டிராக்டர் வந்தது. "வாய்க்காலோரம் கொட்டிடட்டுங்களா, ஐயா? யாரும் கேக்க மாட்டாங்க" என்றான் பையன்.

கொல்லையில் புதிதாகத் திண்ணை போட நினைத்த இடத்தைக் காட்டினேன். அடியில் நிரப்பப் பாதிக் குவியல் ஆயிற்று. மீதி இன்னும் வேலியோரம் கிடக்கிறது.